பின்னால் எடுக்கும்போது முனகும் டிரெய்லர்: அறிகுறி பார்த்துச் சஸ்பென்ஷனைக் காக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரட்டை அச்சு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். குடும்பத்தோடு லுமுட் கடற்கரைக்கோ கேமரன் மலைக்கோ இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லர் ஒன்று. இரவுச் சந்தையிலும், தைப்பூசக் காலத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கமும் தோசையும் வடையும் சுட்டு விற்கும் கடை டிரெய்லர் இன்னொன்று. மேலே கட்டியிருப்பது எதுவானாலும் கீழே இருக்கும் இரும்பு ஒன்றுதான்: இரண்டு அச்சு, நான்கு ஸ்பிரிங் கட்டு, அவற்றைச் சட்டத்தில் தொங்கவிடும் ஹேங்கர்கள். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடியும் இந்த இரும்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஊர் திரும்பி, தோட்டத்து லயத்துக்கும் வடிகாலுக்கும் நடுவே இருக்கும் சந்தில் பின்னால் தள்ளி நிறுத்தும் கடைசி ஐம்பது அடியில்தான் ஹேங்கர் வளைகிறது, ஸ்பிரிங்கின் முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் தகடு முறுகுகிறது, டயர் ரிம்மை விட்டுக் கழல்கிறது.

இரட்டை அச்சு டிரெய்லர் வளையும்போது இரண்டு அச்சுக்கும் நடுவே உள்ள ஒரு புள்ளியை மையமாக வைத்துத் திரும்புகிறது. வழக்கமான வீட்டு டிரெய்லர்களில் இரண்டு அச்சுக்கும் இடையே 33 முதல் 35 அங்குலம் இருக்கும். மையம் நடுவில் இருப்பதால் முன் அச்சின் சக்கரங்கள் ஒரு பக்கமாகவும் பின் அச்சின் சக்கரங்கள் எதிர்ப் பக்கமாகவும் தரையில் இழுபடுகின்றன. தரை விட்டுக்கொடுக்காதபோது அந்த விசை டயரின் பக்கச் சுவர், ரிம், அச்சு, ஸ்பிரிங், ஷேக்கிள் என்று ஏறிக் கடைசியில் ஹேங்கரில் போய் நிற்கிறது. ஸ்பிரிங் பட்டை மேலும் கீழுமாக வரும் சுமைக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டு இழுப்பைத் தாங்க அங்கே இருப்பவை இரண்டு மெல்லிய ஷேக்கிள் தகடுகளும் ஒரு போல்ட்டும்தான்.

முன்னால் ஓடும்போதும் இந்த இழுபடுதல் உண்டு. ஆனால் முன்னோட்டத்தில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குப் பின்னால் தானாகவே நேராகிவிடும். பின்னோட்டத்தில் கோணம் தானாகக் கூடிக்கொண்டே போகும். அது செங்கோணத்தை நெருங்கும்போது டிரெய்லர் உருளுவதை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும். ஆகவே பின்னால் எடுப்பதால் சஸ்பென்ஷன் கெடுவதில்லை, கூர்மையான கோணத்தில் பின்னால் எடுப்பதால்தான் கெடுகிறது. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தில் போய் முடியும்.

டயர் கிறீச்சிடுகிறது, சட்டம் முனகுகிறது

ஓரளவு சத்தம் இயல்பானது. தார்ச்சாலையில் மெதுவாக வளைக்கும்போது டயர் சற்றே முனகினால் பதற வேண்டாம். இறங்கிப் போய் டயரைப் பாருங்கள். முன் சக்கரத்தின் அடிப்பகுதி ஒரு பக்கமாகவும் பின் சக்கரத்தின் அடிப்பகுதி எதிர்ப் பக்கமாகவும் மடங்கி, ரிம்மின் விளிம்பு டயரின் பக்கச் சுவருக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிகிறதா? தரையில் பிறை வடிவில் கறுப்புத் தடம் விழுந்திருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் கோணம் அளவு மீறிவிட்டது. அதற்கு மேல் ஓர் அடிகூடப் பின்னால் தள்ளக் கூடாது.

அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றே: ஸ்டீயரிங்கை நேராக்கி, முன்னால் இழுத்து, டிரெய்லரை வண்டியோடு ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவது. பிறகு மறுபடி தொடங்கலாம். ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிடுவதுதான் திறமை என்று நம் ஊரில் பலர் எண்ணுகிறார்கள், பார்த்து நிற்பவர்களும் அதைத்தான் மெச்சுகிறார்கள். அந்த மெச்சுதலுக்கு விலை கொடுப்பது ஹேங்கர். நான்கைந்து தடவை முன்னால் இழுத்து, ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக வளைத்து உள்ளே கொண்டுபோகிறவரே டிரெய்லரைக் காக்கிறவர்.

கோணத்தைக் கட்டுக்குள் வைக்க வழிகள் உண்டு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஆகவே டிரெய்லரின் பின்பகுதி வலப்பக்கமாக உள்ளே போகும்படி வந்து நிற்க வேண்டும். அப்போது சன்னல் வழியே தலையை நீட்டினாலே சக்கரங்கள் தெரியும். இடப்பக்கமாக எடுத்தால் டிரெய்லரின் உடலே பார்வையை மறைத்துவிடும், கோணம் எவ்வளவு ஏறியது என்பது வெகு தாமதமாகத்தான் புலப்படும். வலப்பக்கம் எடுக்க எதிர்த்தடத்தைக் குறுக்கே அடைக்க வேண்டியிருக்கும் என்பதால், வண்டிகளை நிறுத்தி வைக்க ஒருவர் சாலையில் நின்றாக வேண்டும்.

கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்பகுதி போகும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம். திருப்பிவிட்டு, டிரெய்லர் அதற்கு இணங்கும்வரை காத்திருந்து, பிறகே அடுத்த திருப்பம். டிரெய்லரின் முன்சுவர் கண்ணாடியில் முழுமையாகத் தெரியத் தொடங்கினால் கோணம் ஏற்கெனவே அதிகம் என்று பொருள். உள்ளே நுழையும் திருப்பத்தை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு அகலமாக வளையலாம். எதிர்ப்பக்கத்து அண்டை வீட்டு வாசலை ஐந்து நிமிடம் கடன் வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

உதவிக்கு நிற்பவர் எங்கே நிற்கிறார் என்பது இங்கே பெரிய விஷயம். எல்லோரும் பின்சுவரையும் வேலியையும் பார்த்து "வாங்க, வாங்க" என்று கை காட்டுவார்கள். டயரை யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் பின்னால் நிற்கட்டும், முடிந்தால் இன்னொருவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கச் சக்கரங்களுக்கு நேரே, எட்டி நின்று கவனிக்கட்டும். "அண்ணே, நிறுத்துங்கள்! முன் சக்கரம் மடங்குகிறது, முன்னால் இழுங்கள்" என்று அந்தத் தம்பி சொன்ன கணமே பிரேக்கை மிதித்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தரையையும் கணக்கில் எடுங்கள். சிமெண்டும் தாரும் டயரை இறுகப் பிடிக்கும், சரளையும் செம்மண்ணும் வழுக்க விடும். கூர்மையாக வளைத்தே தீர வேண்டிய இடம் என்றால், அந்த வளைவு சரளையில் அமையும்படி திட்டமிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு எடுப்பதும் நல்லது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கடை டிரெய்லரில் 14 கிலோ எரிவாயு உருளைகளையும் மாவுப் பாத்திரங்களையும் முதலில் இறக்கிவிட்டால், அதே வளைவில் டயர் முனகுவது குறைவதைக் காதாலேயே கேட்கலாம்.

டயரில் காற்று குறைவாக இருந்தால் இந்தப் பக்க இழுப்பில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டிரெய்லரின் தகட்டில் குறித்துள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றடையுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்களில் முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய டயரின் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் கூர்மையான வளைவை அது தாங்காது.

திசை மாற்றும்போது 'டக்' என்று அடிக்கிறது

பின்னோட்டத்திலிருந்து முன்னோட்டத்துக்கு மாறும் கணத்தில் அடியிலிருந்து ஒரு 'டக்'. ஓடும்போது சத்தமில்லை. இது பெரும்பாலும் புஷ் தேய்ந்ததால் வரும் சத்தம்.

ஸ்பிரிங் பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கண்களுக்குள், போல்ட்டைச் சுற்றி உறைபோல் புஷ் இருக்கும். பல டிரெய்லர்களில் ஆலையிலிருந்து வரும்போதே அது நைலானில்தான் வருகிறது. நைலான் தேய்ந்து தீர்ந்ததும் போல்ட்டு இரும்போடு உரசத் தொடங்குகிறது. முன்னும் பின்னும் ஸ்பிரிங் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஈக்வலைசர் என்ற முக்கோணத் துண்டு ஊசலாடி, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சுமையை மற்றதோடு பகிர்ந்துகொள்ளும். பின்னால் எடுக்கும்போது அதிகம் அடிவாங்குவது அந்தத் துண்டின் நடு போல்ட்டும் அதன் இரு பக்கத்து ஷேக்கிள்களும்தான்.

சோதிக்கும் முறை இது. சமதளத்தில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தி, தாங்கு முக்காலியில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஒரு கடப்பாரையை ஸ்பிரிங்குக்கும் ஹேங்கருக்கும் நடுவே விட்டு மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த ஷேக்கிளைக் கழற்றி எடுங்கள்.

கழற்றிய தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகியிருக்கும். ஒரு பக்க விளிம்பு கத்திபோல் கூர்மையாகியிருக்கும். போல்ட்டின் தண்டில் அரைவட்டமாக ஒரு பள்ளம் விழுந்து, துரு கலந்த செம்பொடி அதில் ஒட்டியிருக்கும். விரலை ஓட்டினால் அந்தப் பள்ளத்தில் நகம் மாட்டும். இப்படி இருந்தால் போல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. தகடு, போல்ட்டு, புஷ் மூன்றையும் நான்கு பக்கமும் மாற்றுங்கள். தடித்த தகடும், வெண்கல புஷ்ஷும், கிரீஸ் அடிக்கும் துளையுள்ள போல்ட்டும் கொண்ட தொகுதி கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் நம் செம்மண் சாலைகளுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

அதைப் பொருத்தும்போது இரண்டு செய்திகளை மறக்க வேண்டாம். போல்ட்டில் கிரீஸ் வெளிவரும் துளை, கடிகாரத்தில் 3 மணி அல்லது 9 மணி பக்கம் நோக்கி இருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ இருந்தால் சுமை அந்தத் துளையை அடைத்துவிடும், கிரீஸ் உள்ளே போகாது. அடுத்து, போல்ட்டின் தலைக்குக் கீழே பற்கள் இருக்கும். அவை ஹேங்கரைக் கவ்வி நிற்பதற்காக உள்ளவை. தலையைப் பிடித்துத் திருப்பினால் பற்கள் மழுங்கிவிடும். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள்.

கூர்மையான வளைவில் ஒரே ஒரு தடவை 'டமார்' என்று பெரிதாக அடித்து, பிறகு டிரெய்லர் அமைதியாகிவிட்டால் அதை மேலும் அசைக்காமல் பாருங்கள். ஷேக்கிள் மறுபக்கம் புரண்டிருக்கலாம், அல்லது கண் இல்லாத வழுக்கு முனை ஸ்பிரிங்கின் நுனி தன் இருக்கையை விட்டு நழுவியிருக்கலாம்.

நிறுத்தியபின் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது

சமதளத்தில், ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். நான்கு எண்ணும் கிட்டத்தட்ட ஒத்திருக்க வேண்டும். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் குறைந்தால் அங்கே ஸ்பிரிங்கின் ஓர் இலை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைப்பு பெரும்பாலும், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டு கவ்வும் நடுப்பகுதிக்குப் பக்கத்தில், சேறு மூடிய இடத்தில் ஒளிந்திருக்கும். ஒரு பக்கத்து இரண்டு சக்கரமும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் சுமையை உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, எரிவாயு எல்லாம் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் ஏற்கெனவே தட்டையாகியிருக்கும், பின்னோட்டத்தில் முதலில் வளைவதும் அந்தப் பக்கமே.

முன்பக்கம் தூக்கி நின்றாலும் மூக்கு குத்தி நின்றாலும் இதே தொல்லைதான். ஈக்வலைசருக்கு அசைய ஓரளவுதான் இடம் உண்டு. அந்த இடம் முடிந்ததும் ஒரு அச்சே சுமை முழுவதையும் சுமக்கும். ரப்பரால் முறுக்கம் பெறும் டார்ஷன் அச்சுகளில் ஈக்வலைசரே கிடையாது என்பதால், அவற்றுக்கு மட்டமாக நிற்பது இன்னும் முக்கியம். இழுக்கும் வண்டியின் இணைப்பு உருண்டையின் உயரத்தைச் சரிசெய்து டிரெய்லரை மட்டமாக்குங்கள்.

ஒரு டயர் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்கிறது

அச்சு தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கலாம். அளவு நாடா போதும். இணைப்பு உருண்டை உட்காரும் குழியின் மையத்திலிருந்து முன் அச்சின் இடமுனைக்கும் வலமுனைக்கும் அளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் முன் அச்சு மையத்திலிருந்து பின் அச்சு மையம் வரை. இடமும் வலமும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஹேங்கர் வளைந்திருக்கிறது அல்லது யூ போல்ட்டு தளர்ந்து அச்சு நழுவியிருக்கிறது. டிரெய்லர் புதிதாக இருக்கும்போதே இந்த நான்கு அளவையும் எடுத்துக் கதவின் உட்புறம் எழுதி வைத்தால் பிற்பாடு சந்தேகமே வராது.

சக்கரம் பின்னால் உருள மறுக்கிறது

வண்டி தள்ள, டிரெய்லர் முரண்டு பிடிக்க, பிரேக் கருகும் நாற்றம் வருகிறதென்றால் அது சஸ்பென்ஷன் குறை அல்ல. உந்துவிசையால் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக், பின்னால் தள்ளும் விசையையும் நிறுத்தும் விசை என்று எடுத்துக்கொண்டு சக்கரத்தைக் கவ்வுகிறது. பழைய வகையில் பின்னால் எடுக்கும் முன் தடுப்புக் கொண்டியைப் போட வேண்டும். புதிய வகையில் பிரேக் தானாகவே விடுபடும், விடுபடவில்லை என்றால் உள்ளே துருவோ தவறான சரிசெய்தலோ இருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தி வெல்லப் பார்க்காதீர்கள். கவ்விய சக்கரத்தை வளைவில் தள்ளினால் பக்க இழுப்போடு இந்த விசையும் சேர்ந்து ஷேக்கிளில் போய் விழும். மின்பிரேக் உள்ள டிரெய்லருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இணைப்புப் பக்கம் நெரிபடும் சத்தம்

ஆட்டம் தடுக்கும் உராய்வுத் தண்டு பூட்டியிருந்தால் பின்னால் எடுக்கும் முன் கழற்றிவிடுங்கள். கூர்மையான கோணத்தில் அது வளையும், அல்லது தன் பிடியைப் பெயர்த்துவிடும். சுமை பகிரும் நீண்ட கம்பிகளையும், வளைவு கூர்மையாகவோ தரை மேடுபள்ளமாகவோ இருந்தால் எடுத்துவிடுவது நல்லது.

வடிகால் ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது

தோட்டச் சாலைகள் நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் வடிகாலை நோக்கிச் சரியும்படி போடப்பட்டவை. மாலை மழைக்குப் பின் ஓரத்துச் செம்மண் ஊறி, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பதித்த தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த ஓரத்தில் டிரெய்லரின் பின் சக்கரம் இறங்கினால் ஈக்வலைசர் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, சுமை முன் சக்கரத்தின் மேல் விழும். அப்போது இணைப்பை வளைத்துத் தள்ளுவது ஹேங்கரைக் கையால் பிடுங்குவதற்குச் சமம்.

முதலில் வண்டியையும் டிரெய்லரையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பாருங்கள். இறங்கிய சக்கரத்துக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டி, கெட்டியான பலகை போட்டு, நேராக முன்னால் மட்டும் இழுங்கள். செம்பனை மட்டையை அள்ளிப் போட்டு ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். மட்டையின் அடிக்காம்பில் உள்ள முள் டயரின் பக்கச் சுவரைத் துளைத்துவிடும், அந்தக் காயத்துக்கு ஒட்டும் கிடையாது. அதே காரணத்துக்காக, மட்டை அடுக்கி வைத்த வரிசைகளின் மேல் டிரெய்லரைப் பின்னால் ஏற்றவும் வேண்டாம்.

ஹேங்கர் பற்றவைப்பில் துருக்கோடு

டார்ச் விளக்கோடு அடியில் பாருங்கள். பெயிண்டில் மெல்லிய வெடிப்பு, அதிலிருந்து செந்நிறக் கசிவு கீழ்நோக்கி இறங்கியிருந்தால் ஹேங்கர் சட்டத்திலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது. வெடிப்பு பெரும்பாலும் ஹேங்கரின் உட்பக்க மூலையில் தொடங்கும், வெளியிலிருந்து தெரியாது. டிரெய்லரை உரக்கிடங்குப் பக்கம் நிறுத்துபவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரம் ஈரத்தில் கரைந்து இரும்பை வேகமாக அரிக்கும். அங்கே நிறுத்த நேர்ந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

வெடிப்பு கண்ட டிரெய்லரை இழுத்துச் செல்லக் கூடாது. வெல்டரை வீட்டுக்கு அழைத்து வருவதே நல்லது. அவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பையும் இழுக்கும் வண்டியின் மின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். வளைந்த ஹேங்கரைச் சூடேற்றி நிமிர்த்துவதைவிட வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்துவதே மேல். இடது ஹேங்கரையும் வலது ஹேங்கரையும் இணைத்து ஒரு குறுக்கு இரும்பு கொடுத்தால் அடுத்த தடவை பக்க இழுப்பை இரண்டும் சேர்ந்து தாங்கும். ஸ்பிரிங் பட்டையில் மட்டும் பற்றவைப்பின் நெருப்பு படவே கூடாது. பதப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் பதம் இழந்து, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒடியும்.

வேலை முடிந்ததும் இரண்டு அச்சின் அளவுகளையும் மறுபடி எடுங்கள். சக்கர நட்டுகளை முறுக்கு அளவியால் இறுக்கி, 80 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, யூ போல்ட்டுகளையும் அப்போதே பாருங்கள்.